சிரட்டைக் கரி முதல் இலவம்பஞ்சு வரை: போடி மலையடிவாரத்துக் கழிவு ஃபில்டராக மாறுமா?

போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய்தான். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போகின்றன. பறித்து உலர்த்திய காய், கீழே இருக்கும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏல மையத்துக்கு வருகிறது. ஏலக்காய்க்கு விலை, காபிக்கு விலை, மிளகுக்கு விலை, இலவம்பஞ்சுக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் இதெல்லாம் போக மிச்சம் நிற்கும் தொலி, ஓடு, தட்டை, சிரட்டைக்கு? பெரும்பாலும் அடுப்பு, இல்லேன்னா குப்பைக்குழி.

இந்த மிச்சங்களில் ஒன்று ஏற்கெனவே உலகம் சுற்றும் வியாபாரம். உங்கள் வீட்டு ஆர்.ஓ மெஷினைத் திறந்தால், நீளமான ஒரு குழாய்க்குள் கருப்பாக அரிசிக் குருணை மாதிரி இருக்குமே, அதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். அதில் பெரும்பகுதி தேங்காய் சிரட்டையிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

அப்படின்னா காபித் தொலியும் ஏலத்தட்டையும் இலவங்காய் ஓடும் அதே மாதிரி ஆகாதா? 'வேஸ்டை வாங்கு, கார்பனா மாத்து, லட்சத்துல சம்பாதி' என்று மெஷின் விற்கும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. இந்தத் தொழிலில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளைத் தயாரிக்கப் போய், ஊர்க் கிணற்றுத் தண்ணீரே கெட்ட அனுபவமும் தமிழ்நாட்டில் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

கரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் என்ன வித்தியாசம்?

இஸ்திரிக் கடையில் பார்க்கும் கரி வேறு, ஃபில்டரில் இருக்கும் கார்பன் வேறு. தயாரிப்பில் முதல் பாதி மட்டும்தான் இரண்டுக்கும் ஒன்று.

சிரட்டையைக் காற்று அதிகம் புகாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அது எரிந்து சாம்பலாகாது. உள்ளே இருக்கும் ஈரம், தார், வாயுக்கள் எல்லாம் வெளியேறி, கரி மட்டும் மிஞ்சும். இது முதல் கட்டம். இந்தக் கரியில் துளைகள் உண்டு, ஆனால் பாதிக்கு மேல் தாரால் அடைபட்டிருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் அந்தக் கரியை 800 டிகிரிக்கு மேல், பெரும்பாலும் 900 டிகிரிக்குப் பக்கத்தில், சுழலும் உலையில் போட்டு நீராவி பாய்ச்சுகிறார்கள். நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்துத் தின்கிறது. அடைப்பு திறக்கிறது, புதிய துளைகள் உருவாகின்றன. பல துளைகளின் அகலம் 2 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனை பல்லாயிரம் துண்டாகப் பிரித்தால் ஒரு துண்டு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

இத்தனை துளைகளின் உள்சுவரையும் விரித்துப் போட்டால் ஒரே ஒரு கிராம் கார்பனுக்கு சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 25 சென்ட் நிலம்! தண்ணீரில் இருக்கும் நிறம், வாடை, பல வகையான பூச்சிக்கொல்லி மூலக்கூறுகள் இந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிக்கூட வேதியியல் புத்தகம் இதைப் பரப்புக் கவர்ச்சி என்று சொல்கிறது. சல்லடை மாதிரி வடிகட்டும் வேலை இல்லை இது. ஈக்கள் பசைத் தாளில் ஒட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

100 கிலோ சிரட்டையிலிருந்து கரி 25 முதல் 30 கிலோ கிடைக்கும். அதை ஆக்டிவேட் செய்து முடிக்கும்போது கையில் நிற்பது 10 கிலோ அளவுதான். மிச்சம் 90 கிலோ எங்கே போனது என்ற கேள்விக்குக் கொஞ்சம் பிறகு வருவோம்.

ஏன் தேங்காய் சிரட்டைக்கு மட்டும் இவ்வளவு மவுசு?

1915 ஏப்ரல் 22-ம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர் பகுதியில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பிறகு விஷவாயு முகமூடிக்கு நல்ல கரி தேடி நாடுகள் அலைந்தன. அமெரிக்கா 1918-ல் பீச் பழக் கொட்டை, வால்நட் ஓடு ஆகியவற்றை மக்களிடம் கேட்டு வாங்கியது. பள்ளிப் பிள்ளைகள்கூட சேகரித்துக் கொடுத்தார்கள். ஆனால் தேடித் தேடிப் பார்த்ததில் முன்னுக்கு வந்த பொருள் தேங்காய் சிரட்டை.

காரணம் அதன் கடினம். சிரட்டையில் லிக்னின் அதிகம், சாம்பல் மிகக் குறைவு, அடர்த்தி நல்லா இருக்கும். அதனால் கரியானாலும் நொறுங்காது, தண்ணீர் ஓட்டத்தில் தேய்ந்து தூளாகாது. துளைகளும் பெரும்பாலும் மிக நுண்ணியவை, சின்ன மூலக்கூறுகளைப் பிடிக்க வசதியானவை. குடிநீர் மட்டுமில்லை, தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் இதே சிரட்டைக் கார்பன்தான் பயன்படுகிறது.

இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 2,000 கோடி தேங்காய் விளைகிறது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தோப்பு. அப்புறம் ஏன் இந்தத் தொழில் தேனியில் பெரிதாக இல்லாமல், காங்கேயம், பொள்ளாச்சி, கோவை பக்கம் வேர் பிடித்தது? தேங்காய் எங்கே விளைகிறது என்பதை விட, எங்கே உடைபடுகிறது என்பதுதான் முக்கியம். காங்கேயத்தில் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைய. லாரி லாரியாகக் காய் வந்து ஒரே இடத்தில் உடைகிறது, சிரட்டை மலை மாதிரி குவிகிறது. வீட்டுக்கு ஒன்று, ஓட்டலுக்குப் பத்து என்று சிதறிக் கிடக்கும் சிரட்டையைப் பொறுக்கிச் சேர்க்க ஆகும் கூலியும் வண்டி வாடகையும் லாபத்தைத் தின்றுவிடும்.

விவசாயக் கழிவுத் தொழில் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கழிவு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எங்கே குவிகிறது என்றும் கேட்க வேண்டும்.

காங்கேயம் கிணறுகளுக்கு என்ன ஆனது?

அந்த மிச்சம் 90 கிலோ விஷயத்துக்கு வருவோம்.

பழைய முறையில் தரையில் குழி வெட்டி, சிரட்டையைப் போட்டுத் தீ மூட்டி, மேலே மூடி வைப்பார்கள். வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், தார்த் துளிகள் எல்லாம் இருக்கும். சுற்றுவட்டாரத்துக்கே மூச்சுத் திணறல். புகை கண்ணுக்குத் தெரியும், அதனால் புகார் வரும். தெரியாமல் நடப்பது அடுத்த வேலை. கரி தணலாக இருக்கும்போது காற்று பட்டால் எரிந்துபோகும், ஆகவே தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அந்தத் தண்ணீர் தாரையும் ஃபீனால் வகை ரசாயனங்களையும் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது.

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, வாடை அடிக்கிறது, மாடுகூடக் குடிக்க மறுக்கிறது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் புகார் செய்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதியில்லாத கரி யூனிட்களை மூடும் நடவடிக்கைகளில் இறங்கியது. ஃபீனால் கலந்த தண்ணீரில் குளோரின் போட்டால் நிலைமை இன்னும் மோசம். குளோரோஃபீனால் உருவாகி, மிகச் சிறிய அளவிலேயே மருந்து வாடை தூக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கெட்டுப்போன தண்ணீரைச் சுத்தம் செய்யவும் ஆக்டிவேட்டட் கார்பன்தான் வேண்டும். நகரத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் சுத்தமாவதற்காகக் கிராமத்தில் ஒரு கிணறு கெடுவதை, 'கழிவிலிருந்து செல்வம்' என்று எழுதி வைத்தால் யாருக்கு லாபம்?

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இலங்கையில் 1973-ல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இன்று உலகின் பெரிய சிரட்டைக் கார்பன் தயாரிப்பாளர்களில் ஒன்று. அதன் துணை நிறுவனமான ரெகோஜென், பதல்கமவில் மூடிய உலையில் கரி தயாரிக்கிறது. வெளியேறும் வாயுவைப் புகையாக விடாமல் எரித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுத்து தேசிய மின்கட்டமைப்புக்குத் தருகிறது. காணாமல் போகும் 90 கிலோவில் ஒரு பங்கு அங்கே கரண்ட் ஆகிறது. சின்ன அளவிலும் வாயுவைத் திருப்பி எரிக்கும் உலைகள் உண்டு. தண்ணீர் ஊற்றாமல் காற்றுப் புகாதபடி இறுக மூடி வைத்தே கரியை ஆறவிடலாம். நேரம் கூடுதலாக ஆகும், முதலீடும் கூடும். குழி வெட்ட மண்வெட்டி போதுமே, அதனால்தான் குழி இன்னும் ஒழியவில்லை.

ஏலக்காயிலும் காபியிலும் மிஞ்சுவது என்ன?

ஏலக்காயில் ஃபில்டருக்கான கழிவு நிறைய இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏலக்காய் தோலோடுதான் விற்கிறது. பச்சை நிறம் மாறாத தோலுக்கும் 8 எம்.எம் பருமனுக்கும்தான் விலையே. நாலைந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் வைத்து உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். குறைகிற எடை அத்தனையும் தண்ணீர், ஆவியாகப் போய்விடுகிறது. ஆக, மலையில் தோல் குவிவதில்லை. விதையைப் பிரித்தெடுக்கும் யூனிட்களிலும் எண்ணெய் எடுக்கும் ஆலைகளிலும்தான் தோலும் சக்கையும் சேரும்.

தோட்டத்தில் சேர்வது கவாத்து செய்து வெட்டிப் போடும் தட்டையும் இலையும். அது ஈரமான, நார்ச்சத்தான பொருள். கரியாக்கினால் லேசாக, பொடிப்பொடியாக வரும். ஃபில்டர் குழாய்க்குள் தாங்காது. செடிகளின் அடியில் மூடாக்காகவே கிடந்தால் மண் அரிப்பைத் தடுக்கும், ஈரம் காக்கும். மலைச்சரிவில் அந்த வேலையே பெரிய வேலை. அதை வாரி எடுத்து உலையில் போடச் சொல்வது சரியான யோசனை இல்லை.

காபி கதை வேறு. பழத்தைப் பல்ப்பரில் போட்டு உரித்தால் ஈரத் தோல் ஒரு பக்கம், பிறகு பார்ச்மென்ட்டை இடித்தால் காய்ந்த தொலி ஒரு பக்கம். காய்ந்த தொலி, காபி பதப்படுத்தும் ஆலைகளில் ஒரே இடத்தில் குவிகிறது. குவியும் இடம் என்ற பரீட்சையில் இது பாஸ். பாஸ்பாரிக் அமிலம் போன்ற ரசாயனங்களில் ஊறவைத்து, நீராவி முறையை விடக் குறைந்த சூட்டில் கார்பன் ஆக்கலாம் என்று ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். சாயம் கலந்த தண்ணீரின் நிறத்தை அந்தக் கார்பன் எடுக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் கிராம் கணக்கில் செய்வதை டன் கணக்கில் செய்யும்போது, அமிலத்தைக் கழுவிய தண்ணீரை எங்கே விடுவது? மறுபடியும் கிணறு, மறுபடியும் ஓடை.

குரங்கணி மலைப் பக்கம் உற்பத்தியாகும் கொட்டகுடி ஆறுதான் போடி வழியாக ஓடுகிறது. காபி கழுவிய தண்ணீரே புளித்து, அமிலத்தன்மை ஏறி, ஓடை நீரில் இருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும் குணம் கொண்டது. அதோடு ரசாயனக் கழுவலையும் சேர்ப்பது ஆபத்து. இப்போதைக்குக் காபித் தொலி எரிகட்டியாகவோ மக்கிய உரமாகவோ போவதே உருப்படியான வழி.

கழிவு அப்படியே சிரட்டைக்கு நிகராகாவிட்டாலும், வேறு வழியில் ஃபில்டர் ஆன உதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் கொண்டுவந்த 'ஸ்வச்' என்ற மலிவு விலை வாட்டர் ப்யூரிஃபையரின் அடிப்படைப் பொருள் நெல் உமிச் சாம்பல். உமியில் சிலிக்கா அதிகம். அந்தச் சாம்பலின் மேல் வெள்ளி நானோ துகள்களைப் படியவைத்தார்கள். கிருமியைக் கொல்வது வெள்ளி, அதைத் தாங்கி நிற்பது சாம்பல். மின்சாரமும் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். உமியைச் சிரட்டையாக நினைத்துப் பயன்படுத்தாமல், உமிக்கென்று இருக்கும் குணத்தைப் பிடித்ததுதான் அதில் கெட்டிக்காரத்தனம்.

போடியின் நிஜமான துருப்புச்சீட்டு இலவம்பஞ்சா?

அந்தக் கணக்கில் பார்த்தால் போடிக்கு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை நாம் தலையணைக்குள் வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

மலையடிவாரத்தில் கோடையில் இலவங்காய் வெடிக்கும். 'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்வது இதைத்தான். பழமாகும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் மிச்சம். அந்தப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காலியான குழாய். இழையின் பெரும்பகுதி காற்றுதான். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படை உயிர்காப்பு உடைகளுக்குள் இந்தப் பஞ்சை அடைத்தது இதனால்தான்.

தண்ணீரை ஒதுக்கும் அதே மெழுகு எண்ணெயை இழுக்கிறது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தளர்வாக அடைத்த இலவம்பஞ்சு தன் எடையைப் போல 30 மடங்குக்கும் மேல் டீசலையும் என்ஜின் ஆயிலையும் உறிஞ்சியது. பிழிந்து எடுத்துவிட்டுத் திரும்பவும் பயன்படுத்தலாம், ஒவ்வொரு தடவையும் கொள்ளளவு கொஞ்சம் குறையும்.

2017 ஜனவரி 28-ம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியில் அள்ளிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் கையால்தான் வழித்தெடுத்தார்கள். பிளாஸ்டிக் இழையில் செய்த உறிஞ்சு திண்டுகளுக்குப் பதிலாக இலவம்பஞ்சை அடைத்த திண்டுகள் இந்த வேலையைச் செய்யும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. பெரிய கப்பல் விபத்துதான் வேண்டும் என்றில்லை. மெக்கானிக் ஷெட், பஸ் டிப்போ, வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன் என்று எண்ணெய் கலந்த தண்ணீர் ஓடும் இடம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஃபோம் மெத்தை வந்த பிறகு இலவம்பஞ்சுக்குச் சந்தை சுருங்கியிருக்கும் நேரத்தில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு குறை உண்டு. பஞ்சு லேசானது, லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது, தீயும் சுலபமாகப் பிடிக்கும். அழுத்திக் கட்டினால் உறிஞ்சும் திறன் குறையும்.

பஞ்சு எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டுக்கும் வேலை இருக்கிறது. இலவங்காய் ஓட்டிலிருந்து செய்த கார்பன், தண்ணீரில் கரைந்த செம்பையும் காட்மியத்தையும் பிடிப்பதாகத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் எழுதியிருக்கிறார்கள். பஞ்சு கடையும் இடத்தில்தான் ஓடு குவிகிறது, தனியாகப் பொறுக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீருக்கு இது பொருந்தலாம். குடிநீருக்குச் சிரட்டையை அடிக்க இப்போதைக்கு ஆளில்லை.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

அடுப்புக் கரியைப் பானையில் போட்டு மணலோடு அடுக்கி வடிகட்டும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கலைத் தெளியவைப்பது அதைவிடப் பழசு, கலித்தொகையிலேயே உவமையாக வருகிறது. இரண்டும் கலங்கலையும் வாடையையும் கொஞ்சம் குறைக்கும். பூச்சிமருந்து கலந்த ஓடைத் தண்ணீருக்கு அதை நம்பக் கூடாது. ஏலத்தோட்டப் பக்கம் மருந்து அடிப்பது அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தரமான ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் எல்லை உண்டு. உப்பு போகாது, டி.டி.எஸ் குறையாது, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே தாண்டி வந்துவிடும். கிருமியைக் கொல்லாது. சொல்லப்போனால் குளோரினை எடுத்துவிடுவதால், மாற்றாமல் விட்ட பழைய கேண்டிலுக்குள் கிருமி குடியிருக்கும். துளைகள் நிரம்பிய கார்பன் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே கருப்பாக இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கம்பெனி சொல்லும் கெடுவில் மாற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மெஷின் வாங்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, அது கரி மெஷினா, ஆக்டிவேட் செய்யும் மெஷினா? பல வீடியோக்களில் டிரம்மில் கரி சுடுவதைக் காட்டிவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பனின் விலையைச் சொல்கிறார்கள். 900 டிகிரி உலையும் பாய்லரும் இல்லாமல் அந்த விலை கிடைக்காது.

அடுத்து, அயோடின் எண் எவ்வளவு வரும்? ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்ற அளவு இது. குடிநீர் கார்பனுக்கு வாங்குபவர்கள் பொதுவாக 900-க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். குருணைக் கார்பனுக்கு ஐ.எஸ் 2752 என்ற இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது. விற்பவரிடம் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அதுவும் உங்கள் ஊர்க் கழிவை, அதே மெஷினில் ஓட்டி எடுத்த சாம்பிளுக்கு.

கடைசியாக, புகை எங்கே போகிறது, அணைத்த தண்ணீர் எங்கே போகிறது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் இந்த யூனிட்டை நடத்த முடியாது. மெஷினை விற்றவர் ஊருக்குப் போய்விடுவார். யூனிட் மூடப்பட்டால் வங்கிக் கடன் வாங்கியவர் பெயரில்தான் நோட்டீஸ் வரும்.